இளங்குழந்தையின் ஆகாரமும் வேளை ஒழுங்கும்

விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் வரவு செலவுத் திட்டம் போட்டுச் சங்கத்தில் கடன் மனுக் கொடுக்கும் குடியானவர், தம் வீட்டிலுள்ள இரண்டு வயதுக் குழந்தையின் ஒரு நாளைய ஆகாரத்துக்குத் திட்டம் போடுவது அருமை. வேளை வந்தபோது கையிலிருப்பதைக் கொடுக்கிறோம். குழந்தை வாயைத் திருப்பிக்கொண்டால் முதலில் கெஞ்சுகிறோம், பிறகு அதட்டுகிறோம், கடைசியில் பிஸ்கோத்துப் பொட்டலமொன்றைக் கையிற் கொடுத்து அமைதியடைகிறோம். 1 வயது முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளின் ஆகாரத்தை எவ்வாறு திட்டஞ் செய்வது, உண்ணும் வேளையில் நேரிடும் தொல்லைகளை எவ்வாறு தீர்ப்பது என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளும்பொருட்டு இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

இஃது அற்ப விஷயமெனத் தள்ளத் தக்கதன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 67 பேரும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57 பேரும் இரத்த சோகையுடையவர்களாகக் காணப்பட்டனர். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானது ஆகாரத்தில் இரும்புச் சத்துக் குறைவு. இவ்வயதில் அச்சத்துக் குறைந்தால் குழந்தையின் தேகம் மாத்திரமன்றி மூளையின் வளர்ச்சியும் தடைப்படும். இக்குழந்தைகள் யாவரும் பட்டினி கிடந்தவர்களல்லர். வேளைதோறும் வயிறு நிரம்ப ரசஞ்சோறு உண்டவர்களும், நாள் முழுதும் பாலே குடித்தவர்களும் இவர்களுள் உண்டு. ஆகவே, "எவ்வளவு உண்டது?" என்று கேட்பதற்கு முன்னர், "எதை உண்டது?" என்று கேட்கப் பழக வேண்டும்.

பசி குறைவதன் காரணம்

"பிறந்த நாளுக்குப் பிறகு பிள்ளை ஒன்றும் தின்னவில்லை" என்று தாய்மார் பலர் கூறுவர். இதில் பெரும்பாலும் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. பிறக்கும்போது 3 கிலோ எடையுள்ள குழந்தை, முதலாண்டு முடிவில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. அதாவது ஓராண்டில் 6 கிலோ ஏறுகிறது. இரண்டாம் ஆண்டிலோ சுமார் இரண்டரைக் கிலோவே ஏறுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியின் வேகமும் தணிவது இயற்கை. அன்றியும், நடக்கக் கற்ற குழந்தைக்கு உலகம் முழுவதும் புதுமையாகத் தோன்றுகிறது. ஓரிடத்தில் உட்கார்ந்து உண்பதினும் கோழியைத் துரத்துவதே அதற்கு இன்பமாக இருக்கிறது. அறியாத ஆகாரத்தைக் கண்டால் ஐயுறும் குணமும் இப்பருவத்திலேதான் தோன்றுகிறது.

மேலும், 10 கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குச் சுமார் 300 மில்லிலிட்டர் அளவே கொள்ளும். பெரியவருடைய தட்டைப் பார்த்துக் குழந்தையின் தட்டை அளப்பது தவறு. கால் லிட்டர் கொள்ளும் கிண்ணத்தில் முக்கால் முதல் ஒரு கிண்ணம் வரை ஒரு வேளைக்குப் போதுமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அளவு கூறியுள்ளனர். அத்தகைய ஆகாரம் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளையும், இடையே சிற்றுண்டி ஒன்று அல்லது இரண்டு வேளையும் கொடுத்தல் வேண்டும். இரண்டு வயது வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும், தாய்ப்பால் தொடர்வது நலம்.

யாருக்கு எது கடமை

சங்கத்தில் பணத்தை வைத்திருப்பவர் ஒருவர், கணக்கைத் தணிக்கை செய்பவர் வேறொருவர். ஒருவருடைய வேலையில் மற்றொருவர் புகுந்தால் இரண்டும் கெடும். குழந்தையின் ஆகாரத்திலும் இவ்வாறே கடமைகள் பிரிந்துள்ளன. எதைக் கொடுப்பது, எவ்வேளையில் கொடுப்பது, எங்கே உட்காரவைத்துக் கொடுப்பது என்னும் மூன்றும் பெரியவர்களைச் சார்ந்தவை. வைத்ததில் எவ்வளவு உண்பது, உண்பதா விடுவதா என்னும் இரண்டும் குழந்தையைச் சார்ந்தவை. எலின் சாட்டர் என்னும் அமெரிக்க ஆகார நிபுணர் 1980-களில் இப்பிரிவினையைத் தெளிவாக வகுத்துரைத்தார். நம் வீடுகளில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. "என்ன வேண்டும்?" என்று குழந்தையைக் கேட்டு, அது காட்டிய பொட்டலத்தை வாங்குகிறோம், அளவை மாத்திரம் நாமே நிர்ணயித்து வாயில் திணிக்கிறோம்.

அளவைக் குழந்தையிடம் விடுவது அபாயமன்றோ என்று சிலர் வினவக்கூடும். அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்னும் வைத்திய அம்மையார், புதிதாகத் தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து, 1928-இலும் 1939-இலும் முடிவுகளை வெளியிட்டார். பால், முட்டை, மாமிசம், தானியம், காய், கனி என 34 வகை ஆகாரங்களிலிருந்து ஒவ்வொரு வேளையும் சிலவற்றைத் தட்டுகளில் வைத்தனர். தாதிகள் குழந்தையை வற்புறுத்தவோ, புகழவோ, கடியவோ கூடாதென்பது விதி. குழந்தைகள் ஒரு வேளை ஒன்றையே மிகுதியாக உண்டன; மறுவேளை அதனைத் தொடவுமில்லை. ஒரு வேளையைத் தனியே பார்த்தால் பெரும் ஒழுங்கீனமாகத் தோன்றியது. மாதக் கணக்கில் பார்த்தபோதோ எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்திருந்தன.

இவ்வாராய்ச்சியை எடுத்துக்காட்டுவோர் பலர் ஒரு முக்கிய அம்சத்தை மறந்துவிடுகின்றனர். அத்தட்டுகளில் வைத்திருந்த ஆகாரம் ஒவ்வொன்றும் நல்ல ஆகாரம். சர்க்கரைப் பண்டம் ஒன்றேனும் இல்லை. குழந்தை தன்னிச்சையாகத் தேர்ந்தெடுத்தது உண்மையே. ஆனால் எவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பது என்பதைப் பெரியவரே முன்னதாகத் தீர்மானித்திருந்தார். தட்டில் வெறுஞ்சோறும் ரசமும் மட்டும் இருக்குமாயின், குழந்தை எவ்வளவு உண்டாலும் இரும்பும் புரதமும் கிடைக்கப்போவதில்லை. ஆதலின் நமது முயற்சி முழுவதும், உண்ணச்செய்வதில் செல்லாமல் தட்டில் வைப்பதைத் திட்டஞ்செய்வதிலேயே செல்ல வேண்டும்.

ஒரு நாளைய திட்டம்

கிராமக் குடும்பமொன்றில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஒன்றரை வயது முதல் இரண்டு வயதுள்ள குழந்தைக்கு ஏற்ற திட்டமொன்று கீழே தரப்படுகிறது. வேளையைச் சிறிது முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். வரிசையை மாற்றாதிருத்தல் நலம்.

காலை 7 மணி: தாய்ப்பால், அல்லது ஒரு சிறு தம்ளர் பால்.

காலை 8½ மணி: இட்லி ஒன்று அல்லது ஒன்றரை, பருப்பு மிகுந்த சாம்பாருடன், அல்லது பாலில் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் ஒரு கிண்ணம்.

காலை 11 மணி: வாழைப்பழம், பப்பாளி, விதை நீக்கிய கொய்யா ஆகியவற்றுள் ஒன்று.

பகல் 1 மணி: குழைந்த சோறும் பருப்பும், முருங்கைக்கீரை அல்லது அரைக்கீரை மசியல், நெய் அல்லது நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. முட்டை உண்போர் வீட்டில் அவித்த முட்டை ஒன்று. மீன் உண்போர் முள் நீக்கிய மீன் சிறிது.

மாலை 4 மணி: அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அல்லது நன்கு மசித்த பயறு, அல்லது வாழைப்பழத்துடன் பிசைந்த வறுத்த வேர்க்கடலைப் பொடி.

இரவு 7 மணி: தோசையும் காய்கறிக் கூட்டும், அல்லது தயிர்ச்சோறும் மசித்த காரட் அல்லது பூசணியும்.

படுக்குமுன்: தாய்ப்பால், அல்லது சிறிது பால்.

இவ்வேளைகளுக்கிடையில் காய்ச்சி ஆறிய நீரைத் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது. பசியெடுப்பதற்கு இடைவெளி வேண்டும். நாள் முழுதும் கொறிக்கும் குழந்தைக்குப் பசி என்பது யாதென்றே தெரியாது.

சத்துக் கணக்கு

1 வயது முதல் 3 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 12½ கிராம் புரதச் சத்து போதுமென்று இந்தியப் போஷணை நிபுணர்கள் கணக்கிட்டுள்ளனர். ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. 200 மில்லிலிட்டர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே உண்டு. இவ்விரண்டும் ஒரு பிடி பருப்பும் இருந்தால் புரதக் கணக்கு நேராகிவிடும்.

சுண்ணச் சத்து எலும்புக்கும் பல்லுக்கும் இன்றியமையாதது. 100 கிராம் கேழ்வரகில் அச்சத்து சுமார் 350 மில்லிகிராம் இருக்க, அதே எடையுள்ள தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 10 மில்லிகிராமே உள்ளது. ஏழையின் தானியமென்று ஒதுக்கப்பட்ட கேழ்வரகு குழந்தையின் தட்டில் முதலிடம் பெறத் தக்கது. நம் நாட்டு ஆகாரங்களின் சத்துக்களை அட்டவணையாகத் தொகுத்த நூல், குன்னூர் போஷணை ஆராய்ச்சிசாலையின் தலைவராயிருந்த ஐக்ராய்டு என்பவரால் 1937-இல் வெளியிடப்பட்டது. அந்த ஆராய்ச்சிசாலையே 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசியப் போஷணை ஸ்தாபனம் என்னும் பெயருடன் விளங்குகிறது.

இரும்புச் சத்து கீரை, பயறு, கேழ்வரகு, முட்டை, மாமிசம் ஆகியவற்றில் உண்டு. தாவர ஆகாரத்திலுள்ள இரும்பு தேகத்திற் சேர்வதற்குப் புளிப்புள்ள கனிகள் துணைசெய்யும். பருப்புச்சோற்றில் சில துளி எலுமிச்சஞ்சாறு பிழிவதும், உணவோடு கொய்யா அல்லது நெல்லிக்காய் கொடுப்பதும் இதன்பொருட்டே. தேயிலைப் பானமும் காப்பியும் இரும்பு சேர்வதைத் தடுக்கும். பெரியவர் குடிக்கும்போது "ஒரு வாய்தானே" என்று குழந்தைக்கு ஊட்டும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்தால், ஆகாரத்தின் பருமன் கூடாமலே சுமார் 45 கலோரி கூடும். இரைப்பை சிறிதாயிருப்பதால் குழந்தைக்கு நீர்த்த கஞ்சி ஆகாது. கரண்டியிலிருந்து ஒழுகாத பதமே சரியான பதம். இரண்டு வயது வரை சர்க்கரையும் வெல்லமும் சேர்க்காதிருத்தல் நன்று. உப்பும் காரமும் மிகக் குறைவாயிருக்கட்டும்.

எச்சரிக்கை ஒன்று. முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, முழுத் திராட்சை, கடினமான முறுக்கு ஆகியவை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழலில் அடைத்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக் கூடும். பொடித்தோ மசித்தோதான் கொடுக்க வேண்டும். படுத்திருக்கும்போதும் ஓடும்போதும் ஊட்டலாகாது.

தொல்லைகளும் பரிகாரமும்

குழந்தை உண்ண மறுத்தால்: இருபது அல்லது முப்பது நிமிஷம் பார்த்து, கோபமின்றித் தட்டை எடுத்துவிடுக. அடுத்த வேளை அதன் காலத்தில் வரும். இடையில் இரக்கப்பட்டுப் பிஸ்கோத்துக் கொடுத்தால், "மறுத்தால் இனிப்புக் கிடைக்கும்" என்னும் பாடத்தை நாமே கற்பித்தவர்களாவோம். இவ்வாறு ஒழுங்காகச் செய்துவந்தால் சில வாரங்களில் குழந்தை வேளைக்குப் பசித்து வரும்.

பாலே போதும் என்றிருந்தால்: தாய்ப்பால் நின்ற குழந்தைக்கு நாளொன்றுக்கு 300 முதல் 500 மில்லிலிட்டர் பால் போதும். அதற்கு மேற்பட்டால் வயிறு பாலிலேயே நிரம்பி, சோற்றுக்கும் கீரைக்கும் இடமிராது. பாலில் இரும்புச் சத்து மிக அற்பம். ஆதலால், கொழுத்த தோற்றமுள்ள குழந்தைக்கும் சோகை பிடிக்கும். புட்டியை நிறுத்தித் தம்ளரில் கொடுத்தால் அளவு தானே குறையும்.

கீரையையும் காயையும் துப்பினால்: ஒருமுறை துப்பியதை, "இது பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். புதிய ஆகாரமொன்றை எட்டு அல்லது பத்து முறைக்கு மேலும் கண்டும் தொட்டும் சுவைத்தும் பழகிய பிறகே குழந்தை ஏற்பது வழக்கம். சுண்டைக்காயளவு தட்டின் ஓரத்தில் வைத்து, உண்ணும்படி சொல்லாமல் விட்டுவிடுக. தந்தையும் தாயும் அதே காயை அதன் எதிரில் உண்பதே சிறந்த உபதேசம்.

வாயில் அடக்கி வைத்துக்கொண்டால்: பெரும்பாலும் உருண்டை பெரிதாயிருக்கும், அல்லது வயிறு நிரம்பியிருக்கும், அல்லது கவனம் வேறிடத்தில் இருக்கும். கையில் கைப்பேசியைக் கொடுத்துப் படத்தைக் காட்டி ஊட்டும் வீடுகளில் இத்தொல்லை மிகுதி. படம் பார்க்கும் குழந்தை பசியையும் அறியாது, வயிறு நிரம்பியதையும் அறியாது. பூச்சாண்டியைக் காட்டிப் பயமுறுத்துவதும், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருவெங்கும் பின்தொடர்வதும் இதே வகுப்பைச் சேர்ந்தவை. குடும்பத்தார் உண்ணுமிடத்திலேயே குழந்தையையும் பாய்மீது உட்காரவைத்து, அதற்கெனத் தனித் தட்டு வைப்பதே முறை.

தானே உண்பேன் என்று சிந்தினால்: தடுக்க வேண்டாம். கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, கீழே பழந்துணி ஒன்று விரித்து, தானே எடுத்துண்ண விடுக. இட்லித் துண்டும் அவித்த காய்த் துண்டும் சிறு விரல்களுக்கு ஏற்றவை. பாதி சிந்தினாலும் மீதிப் பாதியை விருப்பத்தோடு உண்ணும். பெரியவர் பக்கத்திலிருந்து இடையிடையே ஊட்டிவரலாம்.

வீட்டாருக்குள் ஒற்றுமையில்லாவிட்டால்: தாய் நடவுக்கோ களையெடுப்புக்கோ செல்லும் வீடுகளில் பாட்டியாரே பகல் முழுதும் குழந்தையைப் பார்க்கிறார். தாய் ஒரு முறையும் பாட்டியார் ஒரு முறையும், மாலையில் பொட்டலத்துடன் வரும் தந்தை வேறொரு முறையும் அனுசரித்தால் எத்திட்டமும் நடவாது. பாட்டியாரைக் குறை கூறுவதால் பயனில்லை. அவருடைய கைப்பக்குவமும் பொறுமையுமே இத்திட்டத்துக்கு மூலதனம். வேளைகளை அவரோடு கலந்து நிர்ணயித்து, பகலுக்கு வேண்டிய பருப்பும் கீரையும் முட்டையும் அவர் கைக்கெட்டும்படி வைத்துச் செல்லுதல் வேண்டும்.

நாள்தோறும் 10 ரூபாய்ப் பொட்டலம் ஒன்று வாங்கும் குடும்பத்துக்கு ஆண்டில் 3,650 ரூபாய் செலவாகிறது. சங்கத்தில் சேமிப்பாக வைக்கக்கூடிய தொகை இது. முட்டையும் பழமுமாக மாறினால் குழந்தையின் இரத்தத்தில் வைப்பாகிவிடும் தொகையும் இதுவே.

நோயுற்ற காலத்தில்

சுரமும் வயிற்றுப்போக்கும் வந்தால் ஆகாரத்தை நிறுத்திவிடும் பழைய வழக்கம் தீங்கானது. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்து, மென்மையான ஆகாரத்தைச் சிறிது சிறிதாகத் தொடர வேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் அரசாங்கச் சுகாதார நிலையங்களிற் கிடைக்கும். மாத்திரையை 14 நாளும் தவறாமல் கொடுத்தல் வேண்டும். நோய் நீங்கிய பின்னர் இரண்டு வாரம் நாளொன்றுக்கு ஒரு வேளை அதிகமாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும்.

எடையே பேரேடு

ஒரு நாளைய ரொக்க இருப்பைக் கொண்டு சங்கத்தின் நிலைமையை யாரும் நிர்ணயிப்பதில்லை. ஆண்டின் ஐந்தொகையைப் பார்த்தே நிர்ணயிக்கிறோம். ஒரு வேளை உண்ணாததைக் கொண்டு குழந்தையின் நிலைமையை அளப்பதும் அத்தகைய பிழையே. மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் பதியச் செய்க. கோடு மேல்நோக்கிச் செல்லுமாயின் கவலை வேண்டுவதில்லை. இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து எடை ஏறாவிட்டாலும், விழுங்கும்போது புரையேறினாலும், முகமும் உள்ளங்கையும் வெளுத்திருந்தாலும், மண்ணையோ சாம்பலையோ தின்றாலும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுக. மண் தின்னுதல் பல குழந்தைகளிடத்தில் இரும்புச் சத்துக் குறைவின் அறிகுறியாகும். அதற்கு அடி மருந்தாகாது. இரும்புச் சத்துத் திரவமும், ஆறு மாதத்துக்கொருமுறை வைட்டமின் ஏ திரவமும், குடற்பூச்சி மருந்தும் அரசாங்கத்தார் இலவசமாகவே வழங்குகின்றனர்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் அங்கன்வாடிகளின் வாயிலாக இளங்குழந்தைகளை எட்டியுள்ளன. அங்கு வழங்கும் சத்துமாவைத் தயாரிப்பதில் மகளிர் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களும் பங்குகொண்டு வந்துள்ளன. நம் இயக்கத்தினரின் கையால் ஆன அம்மாவு நம் வீட்டு மாட்டுக்குப் போகாமல் குழந்தைக்கே போய்ச் சேர வேண்டும்.

பால் உற்பத்தியாளர் சங்க அங்கத்தினர்களுக்குச் சிறப்பாக ஒரு வார்த்தை. கறந்த பால் முழுவதையும் சங்கத்தில் ஊற்றிவிட்டு, வீட்டுக் குழந்தைக்கு வரத்தேநீர் கொடுப்பது எவ்வகையிலும் இலாபமாகாது. வேளைக்கு ஒரு தம்ளர் பாலைக் குழந்தையின் பங்காக முதலில் எடுத்து வைத்து, மீதியை ஊற்றுக. கடன் சங்கங்கள் நடத்தும் நியாய விலைக் கடைகளில் கிடைக்கும் துவரம்பருப்பில் குழந்தையின் பங்கைத் தனி டப்பாவில் எடுத்து வைப்பதும் நல்ல வழக்கம். நிர்வாகிகள் அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு அங்கன்வாடிப் பணியாளரை அழைத்து, ஊரில் எடை குறைந்த குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டறிந்து, அக்குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சும் முருங்கைப்போத்தும் கிடைக்க வழிசெய்யலாம். இதற்குப் பெருந்தொகை எதுவும் தேவையில்லை.

நல்ல ஆகாரத்தை, வேளை தவறாமல், அமைதியான முகத்தோடு குழந்தையின் முன் வைப்பது நம் கடமை. வேண்டுமளவு உண்பதைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும். சரியாக உண்டதா என்பதை மாதந்தோறும் தராசு சொல்லும். அங்கத்தினர்கள் இன்றே தத்தம் வீட்டில் உட்கார்ந்து, ஏழு வேளையையும் ஒரு காகிதத்தில் எழுதி, அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைப்பார்களாக.